தேடியது பெட்டை, கிடைத்தது நீலம்

முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டனில் மனிதருக்கே தானியத் தட்டுப்பாடு. கோழிக்கு எங்கே போவது? பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். அடையாளம் தெரியும்வரை அந்தப் பாதிக்கும் வாரக்கணக்கில் தீனி போட்டாக வேண்டும். கேம்பிரிட்ஜ் மரபியல் பேராசிரியர் ரெஜினால்ட் பன்னெட் (உயிரியல் பாடத்தில் கட்டம் போட வைக்கிறாரே, அவரேதான்) ஒரு வழி சொன்னார். பொருத்தமான நிறங்களில் சேவலையும் பெட்டையையும் சேர்த்தால், பொரித்த அன்றே குஞ்சின் நிறம் பாலைக் காட்டிக்கொடுக்கும். பலித்தது. ஆனால் அடுத்த தலைமுறையில் வித்தை கலைந்துபோனது.

பன்னெட்டும் சகா மைக்கேல் பீஸும் விடவில்லை. உடம்பில் வரி போடும் மரபணு சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. இரண்டு சேர்ந்தால் குஞ்சின் தூவி வெளிறும். இதை வைத்து 1929இல் அவர்கள் உருவாக்கிய கேம்பார், தலைமுறைதோறும் பால் காட்டிய முதல் இனம். பண்ணைக்காரர்களோ முட்டை எங்கே என்றார்கள். முட்டைக்குப் பேர்போன லெகார்னைக் கொண்டுவந்து லெக்பாரை உருவாக்கினார் பீஸ். பெட்டைக் குஞ்சின் முதுகில் பழுப்புக் கோடு பளிச்சென்று நின்றது; சேவலுக்கு அது மங்கல். கதை இங்கேயே முடிந்திருக்கும், கிளாரன்ஸ் எலியட் மட்டும் செடி தேடித் தென்னமெரிக்கா போகாதிருந்தால்.

அந்த நர்சரிக்காரர் சிலியிலிருந்து மூன்று கோழிகளைக் கொண்டுவந்து பன்னெட்டிடம் கொடுத்தார். அவை இட்டது நீல முட்டை! பழுப்பு முட்டையின் நிறம் ஓட்டின் மேல் கடைசியில் ஏறும் பூச்சு. இதுவோ ஓடு முழுக்க ஊறிய பித்த நிறமி. உடைத்தால் உட்புறமும் நீலம். குஞ்சுக்கு நீல மரபணுவின் ஒரு பிரதி கிடைத்தாலே போதும், நீலம் வந்துவிடும் என்று 1933இல் பன்னெட் காட்டினார். பழுப்பு முட்டைக் கோழியோடு கலந்தாலோ, நீலத்தின்மேல் பழுப்பு ஏறிப் பச்சை முட்டை!

அந்தப் பக்கம் பீஸுக்குத் தலைவலி. முட்டையைக் கூட்டப் பொன்னிற லெக்பாரில் வெள்ளை லெகார்னைக் கலந்தால், கேட்காமலே பாலாடை நிறத்தில் கோழிகள் வந்து நின்றன. கழித்துக்கட்டியிருக்கலாம். ஆனால் பன்னெட்டின் நீல முட்டைக் கூட்டத்திலும் அதே பாலாடை நிறம்! இரண்டையும் சேர்த்தார்கள். 1947இல் லண்டன் பால்பண்ணைக் கண்காட்சிக்கு வந்தது, தலையில் குடுமி வைத்த கிரீம் லெக்பார்.

வந்த நேரம்தான் சரியில்லை. ஒருநாள் குஞ்சின் எச்சத் துளையை லேசாகப் பிதுக்கிப் பால் சொல்லும் ஜப்பானியக் கலை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. எந்த இனமானாலும் சரி, நிறம் பார்க்கத் தேவையே இல்லை. 1970களில் கிரீம் லெக்பார் கிட்டத்தட்ட மறைந்தே போனது. மீட்டுக் கொண்டுவந்தது, யாரும் திட்டமிடாத அந்த நீலம்தான். இன்று பிரிட்டனில் கடைப் பெட்டிகளில் அடுக்கி விற்கும் நீல முட்டைகளுக்குப் பின்னால் இருப்பது லெக்பார் வம்சம்.

நீலம் எப்படி வந்தது என்பது 2013இல்தான் தெரிந்தது. என்றோ ஒரு வைரஸ் கோழியின் மரபணுத் தொடரில் தன்னைச் செருகிக்கொண்டதன் விளைவாம். சிலிக் கோழியில் ஒருமுறை. சம்பந்தமே இல்லாமல் சீனக் கோழியில் இன்னொருமுறை.