இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: ஒரு பெயரின் வரலாறு

மகளிர் உடலில் இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து வால் எலும்புவரை ஏணைபோல் அமைந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றனையும் ஏந்திநிற்கும் தசைத்தொகுதியே இடுப்புத்தளம் எனப்படுவது. மகப்பேற்றின்போது இது பெரிதும் விரிகிறது. விரிந்தது பழைய நிலையை எய்தாவிடின், இருமினும் தும்மினும் சிறுநீர் கசியும். சிலர்க்குக் கருப்பை கீழிறங்குவதும் உண்டு. இத்தசையை வலுப்படுத்தும் பயிற்சி இன்று உலகெங்கும் 'கெகல் பயிற்சி' என வழங்குகிறது. அப்பெயர் எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பெண்டிர் இக்குறையை வெளியிற் சொல்லக் கூசினர். மருத்துவரோ பெரும்பாலும் அறுவையையே நாடினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்ட்டிமோர் நகரத்து ஹோவர்டு கெல்லி, சிறுநீர்ப்பைக் கழுத்தின் அடியில் தையலிட்டு இறுக்கும் முறையை வகுத்தார். பிற தசைகளைப் போல் இதனையும் பயிற்றலாம் என்ற எண்ணம் வலுப்பெறப் பல ஆண்டுகள் சென்றன.

அவ்வெண்ணம் அமெரிக்க மருத்துவரான ஆர்னால்டு கெகலிடமே தோன்றியது எனப் பலர் எழுதுவர். அது முற்றும் உண்மையன்று. இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையைச் சார்ந்த மின்னி ராண்டலும் நாட்டியக் கலைஞர் மார்கரெட் மாரிசும் மகப்பேற்றுக்குப் பிந்திய பயிற்சிகளை முன்னரே வகுத்திருந்தனர். மாரிசின் நூல் 1936 இல் வெளிவந்தது. கெகலின் புகழ்பெற்ற கட்டுரையோ 1948 இல் வெளிவந்தது. மகளிர் இருவர் செய்த பணி பின்வந்த மருத்துவர் பெயரால் வழங்குவது நோக்கத்தக்கது.

எனின் கெகலுக்குரிய சிறப்பு யாது? அது பயிற்சியில் இல்லை, கருவியில் உள்ளது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு தசையைச் சுருக்குமாறு சொல்லின், பலர் வயிற்றையோ பிட்டத்தையோ இறுக்குவர். சிலர் கீழ்நோக்கி முக்கவும் செய்வர். இதனைக் கெகல் நன்குணர்ந்திருந்தார். ஆதலின் முதற்கண் விரலால் தேர்ந்து உரிய தசையை உணர்த்தினார். பின்னர், காற்றடைத்த இரப்பர் உறையொன்றை அழுத்தமானியுடன் இணைத்துப் 'பெரினியோமீட்டர்' எனப் பெயரிட்டார். தசை சுருங்கும்போது முள் நகரும். தன் முயற்சியின் பயனைப் பெண் தானே காண்பாள். நாளொன்றுக்கு மும்முறை, முறைக்கு 20 நிமிடம் பயில்க என்பது அவர் விதி. 1945 இல் தாமஸ் டிலார்ம் என்னும் மருத்துவர், மெலிந்த தசைகளை எடை தூக்கி வலுவாக்கும் முறையை வெளியிட்டிருந்தார். எதிர்ப்பைப் படிப்படியாக மிகுத்துப் பயிற்றும் அக்கொள்கையையே கெகலின் கட்டுரைத் தலைப்பும் ஏந்தி நிற்கிறது.

பிற்காலத்தில் நேர்ந்ததே வருந்தத்தக்கது. பயிற்சி துண்டுத்தாள்களிலும் வாய்மொழியிலும் பரவியது. கருவியும் விரலால் தேர்தலும் பல இடங்களில் கைவிடப்பட்டன. பெயர் நிலைத்தது, முறை தேய்ந்தது. 1991 இல் பம்ப் என்பாரும் அவர்தம் குழுவினரும் 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாய்மொழியால் மட்டும் கற்பித்து அளந்தனர். 23 பேரே செவ்வனே செய்தனர். 12 பேர் செய்தமுறை கசிவை மிகுவிக்கத் தக்கதாயிருந்தது. பயிற்சி பயன்தரவில்லை எனக் கைவிட்ட பெண்களுள் எத்துணைப் பேர்க்கு அப்பயிற்சி உண்மையில் கற்பிக்கப்பட்டது என்ற ஐயம் இவ்விடத்து எழுகிறது. பழி பெரும்பாலும் அப்பெண்களின் சோம்பல்மீதே சுமத்தப்பட்டது, அது முறையன்று.

கெகலின் முடிவுகள் ஒப்பீட்டுக் குழுவின்றிப் பெறப்பட்டவை. அக்குறையைப் பின்வந்தோர் நிறைத்தனர். 2018 இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 31 ஆய்வுகளில் பங்கேற்ற 1,817 பெண்களின் செய்திகளை ஆராய்ந்து பயிற்சியின் பயனை உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 1999 இல், நார்வே நாட்டுக் காரி போவும் உடன் ஆய்ந்தோரும் 107 பெண்களைக் கொண்டு, மின்தூண்டலினும் எடைக்கூம்புகளினும் பயிற்சியே சிறந்தது எனக் கண்டனர். அவ்வாய்விலும், பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொரு பெண்ணும் தசையைச் சரியாகச் சுருக்குகிறாளா என்பது விரலால் தேர்ந்து பார்க்கப்பட்டது.