கைம்பெண்கள் பட்டியல்: ஆதிச் சபைகள் தங்கள் ஏழைகளைத் தாங்கிய வரலாறு

எருசலேம் சபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பு சாப்பாட்டுப் பந்தியைப் பற்றியது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்களை யாரும் கவனிப்பதில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள், எபிரெயர்மீது குறை சொன்னார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரம் இதை மறைக்காமல் பதிவு செய்கிறது. பந்தி விசாரிப்புக்காக ஏழு பேரைத் தெரிந்துகொண்டதும் அந்தச் சமயத்தில்தான். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழுமே கிரேக்கப் பெயர்கள். கடைசியாகச் சொல்லப்படும் நிக்கொலா, அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. சபைகளின் நலப்பணி வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான நிர்வாக முடிவு அரிது.

அடுத்த கட்டத்தில் உதவி ஊர் எல்லையைத் தாண்டியது. கிலவுதியு பேரரசன் காலத்துப் பஞ்சத்தின்போது அந்தியோகியா சபை, யூதேயாவில் இருந்தவர்களுக்குப் பணம் அனுப்பியது. பின்னர் எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பவுல் நிதி திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கு ஏற்றபடி எடுத்துவைக்க வேண்டும், தான் வந்த பிறகு அவசர வசூல் நடக்கக் கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதினார். பணத்தைக் கொண்டுபோக வேண்டியவர்களைச் சபையே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். தன்மீது யாரும் சந்தேகப்பட இடம் வைக்காதபடி அவர் காட்டிய கவனம் அது.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தில் ஒரு பட்டியல் இருப்பது தெரிகிறது. அறுபது வயதுக்குக் குறையாத கைம்பெண்களையே அதில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால் அவர்கள்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்டிப்பான விதிதான். கைப்பணம் குறைவாக இருந்ததால், ஒருவருமே இல்லாதவளுக்கு அது முதலில் போய்ச்சேர வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது.

கி.பி. 155ஐ ஒட்டி ரோமாபுரியில் எழுதிய யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டின் முடிவில் நடந்ததை விவரிக்கிறார். வசதியுள்ளோர் விருப்பம்போல் கொடுத்தார்கள். அது சபைத் தலைவரிடம் சேர்ந்தது. அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் எல்லாருக்கும் அவரே பொறுப்பு. நாற்பது ஆண்டுகள் கழித்து, கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் மாதாந்தரக் காணிக்கையைப் பற்றிச் சொல்கிறார். கட்டாயம் இல்லை, முடிந்தவர் முடிந்ததைப் போட்டார்கள். ஏழைகளுக்குச் சோறு, இறந்த ஏழைக்கு அடக்கம், பெற்றோரற்ற பிள்ளைகளுக்குப் பராமரிப்பு, வீட்டோடு முடங்கிய முதியோருக்கு ஆதரவு, கப்பல் உடைந்து கரை சேர்ந்தவர்களுக்கு உதவி என்று அந்தப் பணம் செலவானது. விசுவாசத்துக்காகச் சுரங்கங்களுக்கும் தீவுகளுக்கும் தண்டனையாக அனுப்பப்பட்டவர்களும் அதில் பங்கு பெற்றார்கள்.

இந்த ஏற்பாடு தனி மனிதர் ஒருவரின் வாழ்க்கையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு, மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கார்த்தேஜ் ஆயராக இருந்த சிப்ரியானின் கடிதம் ஒன்று நல்ல சான்று. வேறோர் ஊரில் நடிகர் ஒருவர் கிறிஸ்தவரானார். மேடையை விட்டுவிட்டாலும் நடிப்பு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். சபை அந்தத் தொழிலை ஏற்கவில்லை. அப்படியானால் அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? அவர் அதை நிறுத்தட்டும், எளிய உணவைச் சபை கொடுக்கட்டும் என்று சிப்ரியான் பதில் எழுதினார். அந்த ஊர்ச் சபையால் முடியாவிட்டால் அவர் கார்த்தேஜுக்கு வரலாம், உணவும் உடையும் இங்கே கிடைக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். தொழிலை விடச் சொல்லும் சபை அந்த மனிதனின் வயிற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற நேர்மை இந்தக் கடிதத்தின் பெருமை.

அதே சிப்ரியான், நுமீதியாவில் கொள்ளையரிடம் சிக்கிய விசுவாசிகளை மீட்க 1,00,000 செஸ்தர்ஸ் (ரோம நாணயம்) திரட்டி அனுப்பினார். கொடுத்தவர்களின் பெயர்களும் உடன் சென்றன. கொள்ளைநோய் கார்த்தேஜைத் தாக்கியபோது, நம்மவரை மட்டும் கவனித்தால் போதாது என்று அவர் மக்களைத் தூண்டியதாக, அவர் வரலாற்றை எழுதிய பொந்தியு சொல்கிறார். சபையாருக்கென்று தொடங்கிய பராமரிப்பு இப்படித்தான் அக்கம்பக்கத்தாரையும் எட்டியது.

அளவு எவ்வளவு பெருகியிருந்தது? 251இல் ரோமாபுரி ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் கணக்கு இருக்கிறது: 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், இவர்களோடு 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களும் வறியவர்களும். சட்டப் பாதுகாப்பு இல்லாத ஒரு சபை இத்தனை பேரைத் தாங்கியது. வட ஆப்பிரிக்காவின் சிர்த்தாவில் 303 மே 19 அன்று, சபைகள்மீதான துன்புறுத்தலின்போது, அரசு அதிகாரிகள் சபைக் கட்டடத்தைச் சோதனையிட்டுப் பொருள்களைக் குறித்துக்கொண்டார்கள். பொன், வெள்ளிக் கிண்ணங்களோடு பெண்களுக்கான 82 அங்கிகள், ஆண்களுக்கு 16, பெண்களின் காலணி 47 ஜோடி, ஆண்களுடையது 13 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்துவைத்த உடைகள் இவை என்பது பொதுவான கருத்து. பெண்களின் பங்கு இவ்வளவு அதிகமாக இருப்பதைக் கைம்பெண்கள் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் அந்தக் கருத்து இன்னும் வலுக்கிறது. துன்புறுத்த வந்தவர்கள் எழுதியது என்பதால், இந்தச் சான்றைப் பக்தர்களின் மிகைப்பேச்சு என்று தள்ளவும் முடியாது.

பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் அரசுத் தானியம் சபைகளுக்கு வரத் தொடங்கியது. பழைய தெய்வ வழிபாட்டை ஆதரித்த பேரரசர் ஜூலியன் அதை நிறுத்தினார். பின்வந்த ஜோவியன் மூன்றில் ஒரு பங்கை மட்டும் திருப்பித் தந்தார். ஜூலியன் 362இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு மற்றவர்களின் ஏழைகளையும் ஆதரிப்பதைக் கண்டு வருந்துகிறது. அது அவருடையதுதானா என்று ஐயப்படும் ஆய்வாளர்களும் உண்டு. கப்பதோக்கியாவில் 369ஐ ஒட்டி வந்த பஞ்சத்தில் மக்களுக்கு உணவளித்த பேசில், பின்பு செசரியாவின் ஆயராகி, அந்த நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஒரு பெரிய வளாகத்தை எழுப்பினார். மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் நிற்கும் இடம் இது.

வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. அந்தியோகியாவில் போதித்த ஜான் கிறிசோஸ்தோம், அங்கே சபை 3,000 கைம்பெண்களையும் கன்னியரையும் நாள்தோறும் ஆதரிக்கிறது என்று கணக்குச் சொன்னார். அதே மூச்சில் மக்களைக் கடிந்தும் கொண்டார். சபையின் வருமானம் பெரிய செல்வந்தர் அல்லாத ஒரே ஒரு பணக்காரருடையதற்குச் சமம். அதைக் கொண்டே இத்தனையும் நடக்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்கலாமா என்பது அவர் கேள்வி. பின்னர் கான்ஸ்டான்டினோப்பிளில், சபைக்கு விருந்தினர் விடுதி இருப்பதால் உங்கள் கடமை தீர்ந்துவிடாது, ஒவ்வொருவரும் வீட்டில் ஏழை விருந்தாளிக்கு ஓர் அறை ஒதுக்குங்கள் என்றார். நிறுவனம் பெரிதானதும் சபையார் கையை மடக்கிக்கொண்டதை அவர் கண்டிருந்தார்.

தமிழ்ச் சபைகளில் பல குடும்பங்கள் இன்றும் உலையில் போடும்முன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்துவைக்கின்றன. அந்த அரிசி யாருக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை சபையாருக்கு உண்டு. ஆண்டறிக்கையில் கட்டடச் செலவு அச்சாகும் பக்கத்திலேயே, எத்தனை கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சபை உதவியது என்ற கணக்கும் அச்சாகட்டும். விடுபட்டவர் யார் என்று பார்க்கும் பொறுப்பை, எருசலேம் செய்ததுபோல, விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்து வந்தவர்களிடமே கொடுங்கள்.