யாழ்ப்பாணத்துக் கல்வெட்டுகள்

'கல்வெட்டு' என்றதும் தமிழகத்து அன்பர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் நினைவுக்கு வரக்கூடும். யாழ்ப்பாணத்தவருக்கு அச்சொல்லின் பொருள் வேறு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையை முடித்து, வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறிய பின், மதிய போசனத்துக்கு வந்தவர்களின் கைகளில் கொடுக்கப்படும் சிறு நூலே எங்களுக்குக் கல்வெட்டு. அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே விநாயகர் காப்பு, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல், பின்னர் தேற்றம், கடைசியில் வம்சாவளியும் நன்றி நவிலலும். காகிதத்தில் அச்சிட்டதற்குக் கல்லின் பெயரை வைத்த எம் முன்னோரின் துணிச்சலை நான் மெச்சுகிறேன். நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய மரபின் நீட்சி இது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் மரண அறிவித்தல்களை ஒப்பு நோக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. இளையவர்கள் எவரும் விரும்பாத பணி. ஆனால் குடாநாட்டின் சமூக வரலாற்றை நான் பல்கலைக்கழகத்தில் படித்ததைவிட அந்த மேசையில்தான் கூடுதலாகப் படித்தேன். 'பிறப்பிடம் வேலணை, வதிவிடம் கொக்குவில்' என்ற ஒரு வரிக்குள் ஒரு திருமணமும் ஒரு சீதனக் காணியும் ஒளிந்திருக்கும். மரண அறிவித்தல் சுருக்கம். கல்வெட்டு அதன் விரிவுரை.

கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி திதி வெண்பா. இறந்தவரின் பெயர், ஊர், தமிழ் ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகிய அனைத்தையும் நான்கு அடிகளுக்குள் தளை தட்டாமல் அடைக்க வேண்டும். இது அழகுக்காக எழுதப்படுவதன்று. ஆண்டுதோறும் திவசம் செய்வதற்குத் திதி தெரிய வேண்டும். திகதியை வைத்துக்கொண்டு திவசம் செய்ய முடியாது. குடும்பத்துப் பஞ்சாங்கம் தொலைந்தாலும் வெண்பா மனத்தில் நிற்கும். ஊருக்கு ஊர் இதற்கென்றே புலவர்கள் இருந்தனர். பெரும்பாலும் தமிழ்ப் பண்டிதர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயிலில் புராண படனம் செய்பவர். துயர வீட்டார் குறிப்புகளைக் கொடுத்தால், முப்பது நாளுக்குள் மகளின் குரலிலும் மருமகனின் குரலிலும் பேரனின் குரலிலும் அவர் அழுது கொடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மருமகன்மார் உயிரோடிருந்த மாமனாரோடு காணிப் பிணக்கில் பேசாமல் இருந்திருந்தாலும், கல்வெட்டில் அவர்களின் புலம்பலே உருக்கமாக அமைந்துவிடும்.

ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டளவில் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரத்தை நிறுவியபோது அவர் நோக்கம் சைவ நூல்களும் பாட நூல்களும். ஆனால் அச்சுத்தொழில் ஊரில் வேரூன்றிய பின்னர் அதுவரை பனையோலையிலும் பெண்களின் ஒப்பாரியிலும் இருந்த இரங்கல், நூலுருவம் பெற்றது. ஒப்பாரி பெண்களுடையது, கல்வெட்டு, சில விலக்குகள் தவிர, ஆண்கள் எழுதியது. படலையோடு நின்று மயானத்துக்குச் செல்லாமல் திரும்பிய பெண்கள், அச்சேறிய இரங்கலிலும் பெரும்பாலும் ஆண் புலவரின் வாய் வழியாகவே பேசினர்.

உலகில் இப்படியொரு வழக்கம் எங்களுக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் பலர் பெருமை பேசியதுண்டு. தாய்லாந்தில் இதற்கு இணையான ஒரு வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. அங்கு தகனத்துக்கு வருவோருக்கு நினைவு நூல் வழங்குவது 1880களில் அரச குடும்பத்திலிருந்து தொடங்கிப் பின்னர் பொதுமக்களிடம் பரவியது. எம்மவர் நூலைவிட அவர்கள் நூலில் ஒரு வேறுபாடு உண்டு. இறந்தவரின் வரலாறு சில பக்கங்களே. மீதிப் பக்கங்களில் பழைய இலக்கியமோ, பௌத்த நூலோ, சரித்திரக் குறிப்போ, இறந்த பாட்டியாரின் சமையற் குறிப்புகளோ இருக்கும். தேசிய நூலகத்தை வளர்த்த இளவரசர் தம்ரோங், அச்சேறாத சுவடிகளைத் துயர வீட்டாரிடம் கொடுத்து அச்சிடச் செய்தார். இறந்தவருக்குப் புண்ணியம், நூலகத்துக்கு நூல். அப்படிக் காப்பாற்றப்பட்ட நூல்கள் பல. பாங்கொக்கில் போவோன்னிவெட் விகாரையில் இத்தகைய நூல்களின் பெருந்தொகுப்பு பேணப்படுகிறது. சி. வை. தாமோதரம்பிள்ளை சுவடி தேடி அலைந்த நாட்டிலே இந்த யோசனை எவருக்கும் பெரிதாக எழாமற் போனது எனக்கு இன்றும் ஆதங்கம்.

தாய்லாந்தையும் எம்மையும் இணைக்கும் இன்னொரு நூலிழை உண்டு. அந்நாட்டு அரசவைப் பிராமணர் தம் ஊசல் திருநாளோடு தொடர்புடைய சடங்கில் ஓதும் மந்திரங்களுள் திருவெம்பாவை இருப்பதை அறிஞர்கள் இனங்கண்டுள்ளனர். ஓதுவோருக்கே பொருள் தெரியாத அளவுக்கு உச்சரிப்பு மாறிவிட்டது. அதே திருவாசகத்திலிருந்து யாழ்ப்பாணம் எடுத்துக்கொண்டது திருப்பொற்சுண்ணத்தை. இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கும் மகளிர் பாடுவதாக மாணிக்கவாசகர் பாடியதை, எங்கள் ஊரில் பிணத்தருகே உரலில் சுண்ணம் இடிக்கும்போது பாடுகிறோம். மகிழ்ச்சிப் பாட்டு மரணப் பாட்டானது எப்படி என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். பிணமாகக் கிடப்பவரைச் சிவமாகப் பாவித்து நீராட்டுவதே அபரக்கிரியையின் உட்பொருள் என்று குருக்கள்மார் விளக்குவர்.

சீனரிடம் உண்மையாகவே கல்லில் வெட்டிய கல்வெட்டு இருந்தது. கல்லறைக்குள் உடலோடு புதைக்கப்படும் கற்பலகையில் முதலில் உரைநடையில் குலமும் பதவியும் வாழ்க்கையும், முடிவில் யாப்பில் ஒரு புகழுரை. எங்கள் கல்வெட்டின் அமைப்பை அறிந்தவருக்கு இது வியப்பூட்டும். தாங் காலத்துப் பேரறிஞர் ஹான் யூ (768–824) இவற்றை ஏராளமாக எழுதிப் பொருளீட்டினார். செத்தவருக்கு முகத்துதி செய்து சம்பாதிக்கிறார் என்று ஏச்சும் வாங்கினார். எங்கள் ஊர்ப் புலவர்களுக்கும் இந்த ஏச்சு புதிதன்று. துடக்குக் காலத்தில் சீனர் எம்மை விஞ்சியவர். ஏழாம் நாள் தொடங்கி ஏழேழாக நாற்பத்தொன்பது நாள்வரை சடங்கு. தாய் தந்தையை இழந்த அரச அலுவலர் பதவியைத் துறந்து இருபத்தேழு மாதம் துக்கம் காக்க வேண்டியிருந்தது. எமக்கு முப்பத்தொரு நாளோடு துடக்குக் கழிந்து, கடவுளரின் படங்களை மறைத்த துணியும் நீங்கிவிடும்.

கல்வெட்டின் வரலாற்றுப் பெறுமதியை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். மலாயாவில் புகையிரத இலாகாவிலும் அரச அலுவலகங்களிலும் ஊழியம் செய்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள், கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர்கள், 1983க்குப் பின் கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சிதறிய பிள்ளைகள்: இவர்களின் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுக்க வேறு ஆவணம் ஏது? ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். சாதி பற்றி அது வாய் திறக்காது. வம்சாவளி மட்டும் சொல்லாமல் சொல்லும். சாவீட்டுக்குப் பறை அடித்தவர், பாடை கட்டியவர், வெள்ளை கட்டியவர் எவரும் நன்றி நவிலலில் பெயரோடு வரமாட்டார். அவர்களுக்கென்று நெடுங்காலம் கல்வெட்டும் இல்லை.

போர் இந்த வழக்கத்தை முறித்துப் போட்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது கீரிமலையும் எட்டாத இடமாயிற்று; பின்னர் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்தது. மக்கள் அஸ்தியோடு வேறு கடற்கரைகளை நாடினர். பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்டோம். அத்தகைய நாட்களில் கல்வெட்டு ஒரே தாளை நாலாக மடித்த அளவுக்குச் சுருங்கியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, றங்குப்பெட்டிகளில் அடுக்கி வைத்த மூன்று தலைமுறைக் கல்வெட்டுகளை எவர் சுமப்பார்? உறுதிப் பத்திரங்களைச் சுமந்தார்கள். திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், பிற நூல்களோடு நினைவு மலர்களையும் தேடி மின்வருடி வைத்து வருவதால் ஓரளவேனும் மிஞ்சியிருக்கிறது.

திதி வெண்பாவுக்குத் திதி வேண்டும் என்றேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அது இல்லை. இறந்த நாள் தெரியாதோருக்கு அமாவாசையைத் திதியாகக் கொள்ளலாம் என்று சாத்திரம் வழி சொல்கிறது; அதற்கும் அவர் இறந்துவிட்டார் என்று வீட்டார் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று கூறும் சான்றிதழ் ஒன்றை அரசு ஏற்படுத்தியது. அதை வாங்கச் சம்மதியாத தாய்மாரும் உளர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களின் போராட்டத்தில் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தியபடியே காலமான பெற்றோர் பலர்.

அப்படிக் காலமான ஒரு தந்தையின் கல்வெட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் வடமராட்சியில் எனக்குத் தந்தார்கள். மக்கள் பட்டியலில் ஐந்து பெயர்கள். குண்டுவீச்சில் இறந்த மூத்த மகளின் பெயருக்கு முன் 'அமரர்' என்று இருந்தது. 2009இல் காணாமற்போன மகனின் பெயருக்கு முன் எதுவும் இல்லை. அச்சகத்தார் இருமுறை கேட்டார்களாம். தாயார் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார். மற்றப் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, பிரான்ஸ், நெல்லியடி என்று இருந்தது. அவன் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறி இட்டு, உள்ளே இடம் விட்டிருந்தார்கள்.