யார்க்‌ஷயர் சவால் கோப்பை

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க்‌ஷயர் கவுன்டியைச் சேர்ந்த ரக்பி யூனியன் கழகங்கள் ஆடும் வெளியேற்றுமுறைப் போட்டி. 1877–78 பருவத்தில் தொடங்கியது. வட்டாரப் பேச்சில் இதற்கு 'டவ்ட் டின் பாட்', அதாவது பழைய தகரக் குவளை, என்று செல்லப்பெயர் உண்டு. அப்பெயரை முதலில் வைத்தவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கோப்பையை வென்றவர்களே அதைப் பெருமையாகச் சொல்லி வந்தனர் என்பது மட்டும் தெளிவு.

இப்போட்டியைப் பற்றிக் கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி முதல் பதினெட்டு ஆண்டுகளைச் சேர்ந்தவை. அக்காலத்து வடஇங்கிலாந்து நாளிதழ்கள் கோப்பை ஆட்டங்களைப் பத்தி பத்தியாக எழுதின. 1892-இல் பாதிரியார் ஃபிராங்க் மார்ஷல் தொகுத்து வெளியிட்ட ரக்பி நூலும் யார்க்‌ஷயருக்குத் தாராளமாக இடம் ஒதுக்கியது. மார்ஷல் கவுன்டி நிர்வாகத்தில் இருந்தவர். ஆட்டத்துக்குப் பணம் வாங்குவதைக் கடுமையாக எதிர்த்தவர். அவர் வழியே வரும் செய்திகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோற்றம்

ரக்பி கால்பந்துச் சங்கம் 1871-இல் லண்டனில் அமைந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, பிராட்ஃபர்டு, ஹடர்ஸ்ஃபீல்டு, ஹல், லீட்ஸ், யார்க் ஆகிய ஐந்து கழகங்கள் கூடி யார்க்‌ஷயரின் கவுன்டி ஆட்டங்களை நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டன. இக்கழகங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் தனியார் உறைவிடப் பள்ளிகளில் படித்த, ஆலை முதலாளிகள், வணிகர்கள், வழக்கறிஞர்கள் வீட்டுப் பிள்ளைகள். (இங்குக் குறிக்கப்படும் லீட்ஸ் கழகம் வேறு, 1890-இல் தோன்றி இன்றுவரை நீடிக்கும் லீட்ஸ் கழகம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் பிழை பல பட்டியல்களில் காணப்படுகிறது.) 1877-இல் கோப்பைப் போட்டியை அறிவித்ததும் இவர்களே. சங்கக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை 1871–72-இலிருந்து பெற்ற வரவேற்பு இவர்களைத் தூண்டியிருக்கலாம்.

லண்டன் தலைமை இத்தகைய போட்டிகளை விரும்பவில்லை. இதற்கு இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு சான்று இருக்கிறது. 1873-இல் தொடங்கிய கல்கத்தா கால்பந்துக் கழகம் சில ஆண்டுகளில் உறுப்பினர்களை இழந்து கலைந்தது. வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, ஒரு கோப்பை செய்து, 1878-இல் ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தது. கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் போட்டிக்கு அதைப் பரிசாக வைக்க வேண்டும் என்பது கல்கத்தாக்காரர்களின் விருப்பம். சங்கம் கோப்பையைப் பெற்றுக்கொண்டது, போட்டியை ஏற்கவில்லை. கல்கத்தா கோப்பை 1879 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டணிகளின் ஆட்டத்துக்குரிய பரிசாயிற்று. நாடு தழுவிய கழகக் கோப்பை ஒன்று வர இங்கிலாந்து ரக்பி இன்னும் ஏறத்தாழ நூறாண்டு காத்திருக்க நேர்ந்தது. அண்டைக் கவுன்டியான லங்காஷயரின் நிர்வாகிகளும் கவுன்டிக் கோப்பையை ஒதுக்கியே வைத்தனர். இந்தப் பின்னணியில் யார்க்‌ஷயரின் முடிவு துணிச்சலானது.

உலகின் மிகப் பழைய ரக்பிக் கோப்பை இதுவே என்று சில இடங்களில் காணப்படும் கூற்றை அப்படியே ஏற்க இயலாது. லண்டன் மருத்துவமனைகளுக்கிடையிலான கோப்பை 1875-இலும், அயர்லாந்தின் அல்ஸ்டர் பள்ளிகள் கோப்பை 1876-இலும் தொடங்கிவிட்டன. தெற்கு வேல்ஸ் கோப்பை யார்க்‌ஷயரின் அதே பருவத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்துக் கவுன்டிகள் நடத்தும் ரக்பிக் கோப்பைகளுள் பழமையானது என்று சொன்னால் மறுப்பு எழ வாய்ப்புக் குறைவு.

1878 முதல் 1895 வரை

முதல் பருவத்தில் 16 கழகங்கள் சேர்ந்தன. நிறுவிய ஐந்தில் ஒன்றே வெல்லும் என்பது பொது எதிர்பார்ப்பு. லீட்ஸ் நகரின் ஹோல்பெக் திடலில் நடந்த இறுதியாட்டத்தில் யார்க் அணியை வென்று கோப்பையை எடுத்துச் சென்றது ஹாலிஃபாக்ஸ். அக்கழகம் தொடங்கி ஐந்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. கோப்பையின் போக்கு அன்றே ஓரளவு தெரிந்துவிட்டது: நிறுவியவர்களின் கையில் அது நிற்கவில்லை. அந்த ஐவரில் முதலில் வென்ற பிராட்ஃபர்டு, ஹல் அணியைத் தோற்கடித்து 1884-இல்தான் கோப்பையைத் தொட்டது.

ஆரம்ப ஆட்டங்களின் முடிவுகளை இன்றைய புள்ளிக் கணக்கில் சொல்ல முடியாது. அணிக்கு 20 பேர் ஆடிய வழக்கம் மாறி 15 பேர் ஆடத் தொடங்கிய காலம் அது. டிரை வைப்பது, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது, கோலுக்கு உதைக்கும் வாய்ப்பைப் பெற்றுத் தந்தது. வெற்றியைக் கோல்களின் எண்ணிக்கை முடிவு செய்தது. கோல்கள் சமமானால் டிரைகளை எண்ணினார்கள். யார்க்‌ஷயரில் இவற்றுக்கும் கீழாக, தற்காக்கும் அணி தன் கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தரையில் அழுத்த நேர்ந்த தடவைகளையும் கணக்கில் எடுத்தனர் என்று தெரிகிறது. ஒரே ஆட்டத்தின் முடிவை வெவ்வேறு நூல்கள் வெவ்வேறாகத் தருவதற்கு இது ஒரு காரணம். புள்ளிமுறை 1886-இல்தான் விதிகளில் இடம்பெற்றது.

அடுத்த பத்தாண்டை வேக்ஃபீல்டு டிரினிட்டியின் காலம் எனலாம். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 1873-இல் தொடங்கிய கழகம் அது. 1879-இல் கர்க்ஸ்டாலையும், 1880-இல் ஹெக்மண்ட்வைக்கையும், 1883-இல் ஹாலிஃபாக்ஸையும், 1887-இல் லீட்ஸ் செயின்ட் ஜான்ஸ் அணியையும் இறுதியில் வென்றது. 1879-க்கும் 1891-க்கும் இடையே 9 இறுதியாட்டங்களில் ஆடி, நான்கில் வென்று, ஐந்தில் தோற்றது. வேறெந்தக் கழகமும் அக்காலத்தில் இத்தனை முறை இறுதிக்கு வரவில்லை.

டிரினிட்டியை இறுதியில் வீழ்த்தியவர்களின் வரிசையில் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டியது 1882-இன் தோர்ன்ஸ் அணி. 1881-இல் வென்ற டியூஸ்பரி ஒரு நெசவு நகரம். தோர்ன்ஸோ வேக்ஃபீல்டை ஒட்டிய சிற்றூர். இன்று அந்நகரத்துக்குள் கரைந்துவிட்டது. மூன்று முறை தொடர்ந்து இறுதிக்கு வந்து இரு முறை வென்ற பக்கத்து நகரத்துக் கழகத்தை அந்தச் சிற்றூர் வென்றது. முன்வரிசை ஆட்டக்காரர்கள் கும்பலாக முண்டியடிப்பதே வழக்கமாயிருந்த நாளில், தோர்ன்ஸ் தன் முன்வரிசையில் ஒவ்வொருவருக்கும் இடமும் வேலையும் பிரித்துக் கொடுத்தது என்றும், ரக்பியில் இம்முறையைக் கையாண்ட முதல் அணிகளுள் அதுவும் ஒன்று என்றும் சொல்லப்படுகிறது. முதல் அணி அதுவே என்று உறுதிப்படுத்துவது கடினம். ஆயினும் வெற்றியின் அளவைப் பார்த்தால் இச்செய்தி நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. பெரும்பாலான வரலாறுகள் தோர்ன்ஸை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அது அந்த அணிக்கு இழைக்கும் அநீதி.

கோப்பை இவ்வளவு விரைவாக வேரூன்றக் காரணம் மேற்கு யார்க்‌ஷயரின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. கம்பளி ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நெருங்கிய பகுதி அது. ஒரு நகரம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். 1885-இல் கோப்பை வென்ற பேட்லி, பழந்துணியைக் கிழித்து அதன் இழையிலிருந்து புதுத் துணி நெய்யும் 'ஷாடி' தொழிலின் பிறப்பிடம். டியூஸ்பரியும் அதே தொழிலால் வளர்ந்தது. 1850-இன் ஆலைச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலையை முடித்தது; 1874-இன் சட்டம் அதை இன்னும் முன்னதாக்கியது. கையில் கொஞ்சம் கூலியும் அரைநாள் ஓய்வும் இருந்தவர்களுக்குத் தங்கள் ஊரின் பெயரோடு ஓர் அணி கிடைத்தது. சாதாரண ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வாரம் இன்னொன்று உண்டு. கோப்பையில் தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது. வென்று திரும்பும் அணியைப் பித்தளை வாத்தியக் குழுக்களோடு ஊரே ரயில் நிலையத்தில் வரவேற்றது. கனவான்களின் பொழுதுபோக்காக இருந்த ஆட்டம் ஊர்மக்களின் சொத்தாக மாறியதில் இக்கோப்பைக்கே முதன்மைப் பங்கு என்று ரக்பி வரலாற்றாசிரியர் டோனி காலின்ஸ் போன்றோர் கருதுகின்றனர். கிடைக்கும் சான்றுகள் அவர்கள் பக்கமே சாய்கின்றன.

வெற்றிக்கு மதிப்பு ஏறியதும் நல்ல ஆட்டக்காரருக்கும் விலை ஏறியது. போட்டி தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1879-இல், கிரிக்கெட்டின் எம்.சி.சி. விதிகளைப் பின்பற்றி, பணம் பெறுபவர்களைத் தடுக்கும் விதியை யார்க்‌ஷயர் கொண்டுவந்தது. விதியைச் சுற்றிச் செல்ல வழிகளும் இருந்தன. டிரினிட்டியின் சிறந்த பின்வரிசை ஆட்டக்காரர் டெடி பார்ட்ரம் கழகத்தின் உதவிச் செயலாளராக நியமிக்கப்பட்டுச் சம்பளம் பெற்றார். 1889-இல் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் என்று தீர்ப்பாகி விளையாட்டிலிருந்து விலக்கப்பட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1886-இல், ரக்பி சங்கம் நாடு முழுமைக்கும் கடுமையான விதிகளை இயற்றியிருந்தது. இந்நிலைக்கெல்லாம் கோப்பையே காரணம் என்றனர் எதிர்ப்பாளர்கள். சுரங்கத்தில் ஒரு நாள் வேலை இழப்பவனுக்கு அந்த நாள் கூலியைத் தருவது எப்படிக் குற்றமாகும் என்று வடக்கத்திக் கழகங்கள் கேட்டன. கோப்பை இல்லாமலிருந்தால் பணப்பிரச்சினை எழாமலே போயிருக்குமா என்பது தீராத விவாதம். கோப்பை நடத்தாத லங்காஷயரிலும் அதே பிரச்சினை எழுந்ததைக் கவனிக்க வேண்டும்.

1889-இல் ஆட்லி லிவர்செட்ஜை வென்றது. 1890-இல் ஹடர்ஸ்ஃபீல்டும் 1891-இல் பாண்டிஃப்ராக்டும் டிரினிட்டியை வென்றன. 1892-இல் ஹன்ஸ்லெட் லீட்ஸை வென்றது. அதே 1892-இல் பெரிய கழகங்கள் 'யார்க்‌ஷயர் சீனியர் காம்பெடிஷன்' என்ற லீக் போட்டியைத் தொடங்கியதால் கோப்பையின் தனியிடம் சற்றுக் குறைந்தது. ஹாலிஃபாக்ஸ் 1886, 1888-இல் பெற்ற வெற்றிகளோடு 1893, 1894-இலும் வென்று, முதல் வெற்றியையும் சேர்த்து மொத்தம் ஐந்து முறை கோப்பையைப் பெற்றது.

பிளவு

1893 செப்டம்பர் 20 அன்று லண்டனில் கூடிய ரக்பி சங்கப் பொதுக்கூட்டத்தில், இழந்த கூலியை ஈடுசெய்ய அனுமதிக்கும் தீர்மானத்தை யார்க்‌ஷயரின் ஜேம்ஸ் மில்லர் முன்மொழிந்தார். டியூஸ்பரியின் மார்க் நியூசம் வழிமொழிந்தார். 136-க்கு 282 என்ற வாக்குகளில் அது தோற்றது. 1895 ஏப்ரலில் கோப்பையை வென்றது பிரிகௌஸ் ரேஞ்சர்ஸ், எதிரணி மோர்லி. நான்கு மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில், ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்த கழகங்களின் வடக்கு யூனியன் உருவானது. முதல் பருவத்தில் அதில் ஆடிய 22 கழகங்களில் பாதி யார்க்‌ஷயரைச் சேர்ந்தவை. கையில் கோப்பையோடு இருந்த பிரிகௌஸும் அவற்றுள் ஒன்று. மோர்லி பிரியாமல் நின்றது. இன்றும் யூனியன் ஆட்டமே ஆடுகிறது.

வடக்கு யூனியனே பின்னாளில் ரக்பி லீக் எனப்பட்டது. முன்னாள் இறுதியாட்டக்காரர்கள் சிலரின் வழி இன்னும் தொலைவு சென்றது. 1885-இல் பேட்லியிடம் தோற்ற மானிங்ஹாம், வடக்கு யூனியனின் முதல் சாம்பியனாகி, 1903-இல் ரக்பியையே விட்டுவிட்டுப் பிராட்ஃபர்டு சிட்டி என்ற சங்கக் கால்பந்துக் கழகமாக மாறியது. 1905-இல் வடக்கு யூனியன் தனக்கென ஒரு யார்க்‌ஷயர் கோப்பையைத் தொடங்கியது. அதன் முதல் இறுதியில் ஹன்ஸ்லெட் ஹாலிஃபாக்ஸை வென்றது. 1992 வரை நடந்த அந்தப் போட்டி வேறு, இக்கட்டுரைக்குரிய கோப்பை வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் வெற்றியாளர் பட்டியல்களில் குழப்பம் நேர்கிறது. 1895 வரையிலான வெற்றிகளை இரு ஆட்டங்களின் வரலாறுகளுமே தமதெனக் கொள்கின்றன.

பிற்காலம்

பிளவுக்குப் பின் கவுன்டியில் யூனியன் கழகங்கள் வெகுவாகக் குறைந்தன. கோப்பை சிறிய அளவில் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆட்லி, மோர்லி, ஹாரோகேட், வேக்ஃபீல்டு ஆகியவை பலமுறை வென்றன. இந்த வேக்ஃபீல்டு 1901-இல் தொடங்கி 2004 வரை இயங்கிய யூனியன் கழகம், டிரினிட்டியோடு தொடர்பற்றது. ஆட்லியின் கிராஸ் கிரீன் திடலில்தான் 1979 நவம்பரில் வட இங்கிலாந்து அணி நியூசிலாந்தை 21–9 என வென்றது. அது கோப்பை ஆட்டம் அன்று; ஆனால் கோப்பையை வளர்த்த திடல்களின் தரத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1971–72-இல் நாடளாவிய கழகக் கோப்பை ஒருவழியாகத் தொடங்கியபோது, அதில் நுழையும் வழிகளுள் ஒன்றாகக் கவுன்டிக் கோப்பைகள் அமைந்தன. 1987-இல் தேசிய லீக் அமைப்பு வந்தது. 1893-இல் மறுக்கப்பட்ட பணம் 1995 ஆகஸ்டில் யூனியன் ஆட்டத்திலும் அனுமதிக்கப்பட்டது. இவற்றின் பின் லீக் ஆட்டங்களே பருவத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. இன்று கவுன்டியில் கோப்பைக்கு அடுத்த நிலைகளில் சிறு கழகங்களுக்கென வெள்ளிக் கோப்பை, கேடயம் ஆகிய போட்டிகளும் நடைபெறுகின்றன.