மீன் எண்ணெயும் எலும்புருக்கி நோயும்

மருந்து முன்னும் அதன் காரணம் பின்னுமாக அறியப்படுதல் மருத்துவ வரலாற்றில் புதிதன்று. ஆயின், பிற்காலத்தார் கண்ட காரணத்தை முற்காலத்தாரும் அறிந்திருந்தனர் எனக் கொள்ளுதல் ஒரு பிழை; காரணம் விளங்கியமையாலேயே மருந்தின் பயன் உறுதிப்பட்டது எனக் கொள்ளுதல் மற்றொரு பிழை. இவ்விரண்டினையும் தெளிவுறுத்தற்கு, எலும்புருக்கி எனப்படும் காசநோய்க்கு மீன் எண்ணெய் வழங்கிய வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இலண்டன் மாநகரத்துப் பிராம்டன் மருத்துவமனையின் அறிக்கை 1849-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான மருத்துவத்துடன் காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயும் பெற்றோர் 542 பேர். எண்ணெய் பெறாதார் 535 பேர். நோய் மேலும் முற்றாது நின்றோர் முன்னவருள் நூற்றுக்கு 18. பின்னவருள் 5 அல்லது 6. இரு திறத்தாரும் இக்கால முறைப்படி குலுக்கல் முறையாற் பிரிக்கப்பட்டவரல்லர். ஆதலின் இவ்வெண்கள் கருதத்தக்கனவேயன்றி முடிந்த முடிபாகா.

அம்மருத்துவர் நோய்க்கிருமியை அறியார்; அதனை இராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்தது 1882-இல். உயிர்ச்சத்தையும் அறியார்; எலும்பை உறுதியாக்கும் சத்தொன்று அவ்வெண்ணெயில் தனித்துள்ளது என மெக்காலம் நிறுவியது 1922-இல். அதுவே பின்னர் வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது. தோலிற் காணும் காசநோயை ஒளியாற் போக்கி 1903-இல் நோபெல் பரிசு பெற்ற டென்மார்க்கு நாட்டு ஃபின்சன், ஒளியே கிருமியைக் கொல்வதாகக் கருதினார். கதிரவன் ஒளியால் தோலில் அவ்வுயிர்ச்சத்து உண்டாதல் பின்னரே புலனாயிற்று. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபின், எண்ணெயும் ஒளியும் காசநோய் மருத்துவத்தினின்று படிப்படியாக விலகின.

நெடுங்காலத்திற்குப் பின்னர், 2006-இல், கலிபோர்னியா அறிஞர் காரணத்தை ஒருவாறு விளக்கினர். கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் காசநோய்க் கிருமியை உணர்ந்தவுடன், குருதியிலுள்ள வைட்டமின் டி-யைச் செயல்வடிவிற்கு மாற்றுகின்றன. அதன் தூண்டுதலால் கெத்தலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதம் தோன்றுகின்றது. அச்சத்துக் குறைந்த குருதிநீரில் இப்புரதமும் குறைந்தது. சத்தினைச் சேர்த்தவிடத்து மிகுந்தது.

பழைய மருந்து மெய்ப்பிக்கப்பட்டது என்று இதனை முடித்தல் எளிது. நிகழ்ந்தது அஃதன்று. இலண்டனில் நோயாளர்க்குக் காசநோய் மருந்துகளுடன் வைட்டமின் டி-யும் தந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சளியினின்று கிருமி நீங்குங் காலம் பொதுவாகக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மங்கோலியாவில் 8,851 பள்ளிச் சிறார்க்கு மூன்றாண்டு ஆய்வு நிகழ்த்தி 2020-இல் வெளியிட்டனர். அவருட் பெரும்பாலார் அச்சத்துக் குறைந்தவராயிருந்தும், அதனை அளித்தமையால் கிருமித் தொற்று குறையவில்லை. சோதனைக் குழாயில் உண்மையானது உடலில் அவ்வாறே பயன்தரும் என்னும் நியதியில்லை.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. சார்க்கண்டு மாநிலத்தில் நோயாளரின் குடும்பத்தார்க்கு அரிசியும் பருப்பும் நுண்சத்துக்களும் வழங்கிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அக்குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுதல் ஏறத்தாழ நூற்றுக்கு 40 அளவு குறைந்தது. மீன் எண்ணெயும் ஓர் உயிர்ச்சத்து மட்டுமன்று; மெலிந்த உடலுக்குக் கொழுப்புணவுமாகும். பிராம்டனில் கண்ட பயன் மெய்யாயின், அஃது அவ்வுணவினாலும் விளைந்திருக்கலாம் என்பது எம் கருத்து.

மருத்துவச் சுவடிகளை ஆராயும் தமிழ் மாணவர்க்கு இவ்வரலாறு பெரிதும் பயன்படும். ஒரு மூலிகைச் சாறு இன்னநோய்க்காம் என ஏடு கூறுமிடத்து, என்ன கொடுத்தனர், என்ன கண்டனர், தாம் கூறிய காரணம் யாது என்னும் மூன்றனையும் அவர்தம் சொற்கொண்டே வரையறுத்தல் வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய இக்காலக் கருத்தை ஏட்டினுட் புகுத்துதல் உரையாகாது, திருத்தமேயாகும். மருந்தின் பயனோ ஏட்டால் முடிவுசெய்யத் தக்கதன்று. நோயாளரிடத்துச் செய்யும் முறையான ஆய்வினாலேயே துணியத்தக்கது. முன்னோர் கண்டதை அவர் கண்ட அளவிற் கூறுதலே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு.