வெடிமருந்து என்னும் மருந்து

திருவிழாவின் இறுதி இரவில் தேர்ப்பவனி ஆலய முகப்பை அடைந்ததும் வாணவேடிக்கை தொடங்குகிறது. மன்றாட்டுமாலை சொல்லிக்கொண்டிருந்த வாய்கள் திறந்தபடியே நின்றுவிடுகின்றன. பங்குக் குருவாகிய நாமும் அதற்கு விலக்கல்ல. வாணத்தின் உள்ளே இருப்பதை நம் மக்கள் ‘மருந்து’ என்கிறார்கள். உயிரைப் பறிக்கவல்ல பொருளுக்கு இப்பெயர் ஏன் என்று நாம் எண்ணியதுண்டு. சீன மொழியிலும் அதற்கு ‘நெருப்பு மருந்து’ என்பதே பெயர்.

அங்கே அப்பெயர் பொருத்தமானது. தாவோ நெறியைச் சார்ந்த இரசவாதிகள் சாவை வெல்லும் மருந்தைத் தேடி உப்புகளையும் கந்தகத்தையும் கலந்து காய்ச்சி வந்தனர். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அவர்தம் நூலொன்று, கந்தகத்தையும் வெடியுப்பையும் தேனுடன் சேர்த்துச் சூடாக்கியவர்களின் கையும் முகமும் வெந்து, வீடும் எரிந்துபோனதாக எச்சரிக்கிறது. சாகாமையைத் தேடியவர்கள் கண்டெடுத்தது இதைத்தான்! 1044இல் தொகுக்கப்பட்ட சீனப் போர் நூலிலோ அது ஆயுதமாகவே இடம்பெற்றுவிட்டது.

ஐரோப்பாவில் இதைப் பற்றி முதன்முதலில் எழுதியவர்களுள் ஒருவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவி ரோஜர் பேக்கன். 1267இல் திருத்தந்தை நான்காம் கிளமென்டுக்கு அவர் அனுப்பிய நூலில், கட்டைவிரல் அளவேயான ஒரு சிறுவர் விளையாட்டுப் பொருள் இடியையும் மின்னலையும் மிஞ்சுவதாக வியக்கிறார். அந்த ஆற்றல் அதிலுள்ள உப்பிலிருந்து வருவதையும் அவர் குறிக்கத் தவறவில்லை.

அவர் குறித்தது சரியே. அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டும். ஊதுகுழல் கொண்டு ஊதுகிறோம். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், பிராணவாயுவைத் தனக்குள்ளேயே சுமந்திருக்கிறது. கலவையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதுவே. கரி எரிபொருள், கந்தகம் குறைந்த வெப்பத்திலேயே தீயைப் பற்றிக்கொடுக்கிறது. வெளிக்காற்றுக்குக் காத்திராமல் எரிவதால் கலவை கணப்பொழுதில் சூடான வாயுவாக விரிகிறது. அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாமல் திடத்துகளாக எஞ்சுவதால்தான் அவ்வளவு புகை.

ஆனால் இக்கலவையைத் திறந்த வெளியில் கொளுத்தினால் ‘புஸ்’ என்றுதான் எரியும். இடியோசைக்குக் காரணம் அதைச் சுற்றியுள்ள காகிதம். அடைபட்ட வாயு சுவரை உடைத்தால் வெடி. மேல்வாய் வழியே சீறினால் புஸ்வாணம். கீழ்வாய் வழியே சீறித் தன்னையே மேலே தள்ளினால் ராக்கெட்.

பன்னூறு ஆண்டுகள் வாணவேடிக்கையில் பொன்னிறமும் வெண்மையும் அன்றி வேறு நிறம் அரிது. 1780களில் பெர்த்தோலே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டறிந்தார். அது தந்த கடும் வெப்பத்தில், 19ஆம் நூற்றாண்டில், ஸ்ட்ரோன்ஷியம் சிவப்பையும் பேரியம் பச்சையையும் செம்பு நீலத்தையும் வாரி இறைத்தன. வண்ணத்துக்கு விலையும் இருந்தது. 1788இல் எசோன் என்னும் ஊரில் குளோரேட்டைக் கொண்டு வெடிமருந்து செய்து பார்த்தபோது கலவை வெடித்து இருவர் மாண்டனர். அங்கு வந்திருந்த லவாய்சியரும் பெர்த்தோலேயும் சற்று விலகியிருந்ததால் தப்பினர். கந்தகத்தோடு சேர்ந்த குளோரேட்டுக்குத் தீ வேண்டியதில்லை, உராய்வே போதும். இந்தியாவில் பட்டாசில் அக்கலவை தடை செய்யப்பட்டது 1992இல்தான். பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2018இல்.

ஆயினும் விபத்துகள் நின்றபாடில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் தீயணைக்கவும் மீட்கவும் ஓடிவந்தவர்கள் என்பதை நாம் மறக்க இயலவில்லை.

அந்த வட்டாரத்தில் சிறிது காலம் பணியாற்றியபோது, மாலைத் திருப்பலி முடிந்து ஆசீர் பெற வந்த தாய் ஒருவரின் கைரேகைகள் வெள்ளியாய் மின்னின. கேட்டோம். அலுமினியத் தூள் என்றார். வாணத்தில் வெண்பொறியாய்ச் சிதறுவது அதுதான். “சோப்புப் போட்டாலும் போகாது, சாமி. ஞாயித்துக்கிழமைதான் கொஞ்சம் வெளுக்கும்” என்று சொல்லி, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.