பனியை வென்ற மலர்

நாம் பருகும் தேநீரைத் தரும் செடி கமேலியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அதே இனத்தில், இலையுதிர் காலத்தில் மலரும் அழகிய குறுஞ்செடி ஒன்று உண்டு. ஜப்பானியர் அதனைச் 'சசான்கா' என்பர். சுவீடன் நாட்டு அறிஞர் துன்பர்க் 1784-இல் அதற்குத் தாவரவியற் பெயர் சூட்டினார்.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் 900-க்கும் மேற்பட்ட கமேலியாச் செடிகள் வளர்க்கப்பட்டு வந்தன. 1970-களின் இறுதியில் அடுத்தடுத்து வந்த கடுங்குளிரில் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்தன. பல்லாண்டு உழைப்பு பாழாயிற்று. ஆயினும் எளிய வெண்மலர் பூக்கும் சீனச் செடியொன்று பிழைத்து நின்றது. சீனர் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பதற்காக வளர்க்கும் இனம் அது; பகட்டில்லாதது.

வில்லியம் ஆக்கர்மன் என்னும் ஆராய்ச்சியாளர் அதனைச் சசான்காவுடன் இணைத்துப் புதிய வகைகளை உண்டாக்கினார். கடும்பனி மொட்டுகளைக் கருக்குமுன் அவை இலையுதிர் காலத்திலேயே பூத்துவிடுகின்றன. குளிர் மிகுந்த ஊர்களிலும் வீட்டுத் தோட்டத்தில் கமேலியா வளர்க்க இதனால் வழி பிறந்தது. அங்கே அதனை நடுவோர் வேனிற்கு முந்திய வசந்த காலத்தில், புளிப்புத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண்ணில், ஆழமாகப் புதைக்காமல் நடுவர்; வாடைக்காற்றுக்கு மறைப்பும் அமைப்பர்.

பல்லாண்டு ஆசிரியனாயிருந்த நான், இவ்வரலாற்றை எண்ணும்போதெல்லாம் வகுப்பின் கடைசி வரிசையை நினைக்கிறேன். பகட்டாக மலராத மாணவனை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கடுங்குளிர் வரும் நாளில் தாங்கி நிற்பவன் அவனாகவும் இருக்கலாம் அல்லவா?